ஆளைப் பாத்து புக்கு சொல்லுங்க: கிரைம் நாவல், சினிமா புக்கு, பாட்டு புக்கு ரெகமெண்ட் பண்றது எப்படி

"நல்ல கிரைம் நாவலா ஒண்ணு சொல்லேன்"னு யாராச்சும் கேட்டா நம்ம வாய் சும்மா இருக்காது, நமக்குப் பிடிச்ச அஞ்சு ஆறு புக்கு பேரை மூச்சு விடாம சொல்லிடுவோம், அவங்களும் "சூப்பர், நோட் பண்ணிக்கிட்டேன்"ன்னுட்டுப் போயிடுவாங்க, அதுல ஒண்ணைக்கூட எடுத்துப் படிக்க மாட்டாங்க. ரொம்ப வருஷம் நானும் இதையேதான் பண்ணிட்டிருந்தேன். இப்போ குடும்பத்துல, ஆபீஸ்ல, அப்பார்ட்மெண்ட்லன்னு ஒரு முப்பது பேருக்காச்சும் புக்கு சொல்லிட்டிருக்கேன், சொன்னதுல பாதிக்கு மேல படிச்சு முடிக்கறாங்க, எப்படி சொல்றேங்கறதைத்தான் இங்க எழுதறேன்.

இதைக் கத்துக்கிட்டது திருச்சியில எங்க தெருமுனைல இருந்த லெண்டிங் லைப்ரரி அண்ணன்கிட்ட. நாள் வாடகைக்கு பாக்கெட் நாவல் குடுக்கற சின்ன கடை, ஒரு ஆள் உள்ள போனா இன்னொரு ஆள் வெளிய வந்தாதான் இடம். அவருகிட்ட ஒரு நீள நோட்டு இருக்கும், அதுல பேரு, புக்கு, தேதியோட கடைசியா ஒரு கட்டம் போட்டு வச்சிருப்பாரு. புக்கைத் திருப்பிக் குடுக்கறப்ப "முடிச்சியா"ன்னு கேக்க மாட்டாரு, "எங்க நிறுத்துன"ன்னுதான் கேப்பாரு. எங்கம்மா ஒருதடவை "ஆரம்பத்துலயே பொணத்தை வெட்டற மாதிரி எழுதிருக்கான், அங்கயே மூடிட்டேன்"னாங்க, அவரு அந்தக் கட்டத்துல "ரத்தம் வேணாம்"னு எழுதிக்கிட்டாரு. அதுக்கப்புறம் அம்மாவுக்கு அவரு குடுத்த ஒரு புக்கும் பாதியில திரும்பி வரல.

அதனால முதல் வேலை, கேக்கறவங்ககிட்ட "உங்களுக்கு என்ன மாதிரி பிடிக்கும்"னு கேக்காதீங்க. அதுக்கு எல்லாரும் "விறுவிறுன்னு போகணும்"னு ஒரே பதில்தான் சொல்வாங்க. கடைசியா எந்த புக்கை பாதியில வச்சீங்க, எந்த இடத்துல, அதைக் கேளுங்க. "பேரெல்லாம் குழம்பிடுச்சு"ன்னா பாத்திரம் கம்மியா இருக்கற கதையா பாருங்க, "ஜவ்வு மாதிரி இழுத்துச்சு"ன்னா இருநூத்தைம்பது பக்கத்துக்குள்ள முடியறது, "பயமா இருந்துச்சு, தூக்கம் போச்சு"ன்னா கொலை நடந்து முடிஞ்சப்புறம் ஆரம்பிக்கற கதை. அப்புறம் எப்போ படிப்பாங்கன்னு கேளுங்க. மெட்ரோல இருபது நிமிஷம் படிக்கறவருக்கு சின்னச் சின்ன அத்தியாயமா இருக்கணும், ராத்திரி படுக்கையில படிக்கறவங்களுக்குத் தொடர்கொலைக் கதை சொல்லாதீங்க.

மூணாவது கேள்வி கொஞ்சம் பதமா கேக்கணும், ஆனா கட்டாயம் கேக்கணும், "எந்த விஷயம் வந்தா உங்களால தாங்க முடியாது?" இது ஏன்னா நான் ஒருதடவை கேக்காம விட்டுட்டேன். கூட வேலை பாக்கறவங்க, குழந்தை பொறந்து லீவு முடிஞ்சு திரும்பி வந்த நேரம், "படிச்சு ரொம்ப நாளாச்சு, ஏதாச்சும் குடேன்"னாங்க, அப்போ நான் படிச்சு அசந்து போயிருந்த ஒரு நாவலைத் தூக்கிக் குடுத்துட்டேன், குழந்தை கடத்தல் கதைங்கறது என் புத்தியில உறைக்கவே இல்ல. மூணாவது நாள் புக்கை என் டேபிள்ல வச்சுட்டு "ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு தொட்டில்ல பாக்கறேன்ப்பா"ன்னு மட்டும் சொன்னாங்க. இன்னிக்கும் நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு. குழந்தைங்களுக்கு நடக்கற கொடுமை, பாலியல் வன்முறை, தற்கொலை, இந்த மூணும் கதைல இருந்தா முன்னாடியே ஒரு வரி சொல்லிடுங்க, அதனால கதை கெட்டுப் போகாது. உதாரணத்துக்கு அனிதா நாயரோட இன்ஸ்பெக்டர் கௌடா நாவல்கள் பெங்களூரைத் தெரிஞ்சவங்களுக்கு நான் ரொம்ப ஆசையா சொல்றது, 2012ல வந்த 'கட் லைக் வூண்ட்'தான் முதல் புக்கு, ஆனா ரெண்டாவது புக்கு 'செயின் ஆஃப் கஸ்டடி' குழந்தைக் கடத்தலைப் பத்தினது, அதை சொல்லிட்டுத்தான் குடுப்பேன்.

நம்ம ஊர் ஆளுங்கள்ல நாப்பது வயசு தாண்டினவங்கன்னா ஒரு ஷார்ட்கட் இருக்கு, தமிழ் நாவல்ல வர்ற துப்பறியற ஜோடிங்க. "நீங்க கணேஷ்-வசந்த் கட்சியா, பரத்-சுசீலா கட்சியா, நரேன்-வைஜ் கட்சியா, இல்ல விவேக்-ரூபலாவா?"ன்னு கேட்டுப் பாருங்க, மொகமே மலர்ந்துடும். அந்த ஒரு பதில்ல பாதி வேலை முடிஞ்சுது. சுஜாதாவோட கணேஷ்-வசந்த் சொல்றவங்களுக்கு மொழி முக்கியம், கிண்டல் முக்கியம், கோர்ட்டு, சயின்ஸ் எது வந்தாலும் சந்தோஷமா படிப்பாங்க. ராஜேஷ்குமாரோட விவேக்-ரூபலா சொல்றவங்களுக்கு வேகம் முக்கியம், அத்தியாயம் முடியறப்ப ஒரு திடுக் வேணும். பட்டுக்கோட்டை பிரபாகரோட பரத்-சுசீலா, சுபாவோட நரேன்-வைஜ் சொல்றவங்க அந்த ஜோடிக்குள்ள நடக்கற பேச்சுக்காகவும் படிச்சவங்க, இவங்களுக்கு ஆளை விட்டுட்டு புதிரை மட்டும் வச்சு ஓட்டற நாவல் குடுத்தா வறட்சியா இருக்குன்னுடுவாங்க. தமிழ்வாணனோட துப்பறிவாளர் சங்கர்லால்னு சொல்ற பெரியவங்க யாராச்சும் இருந்தா மொதல்ல ஒரு டீ போட்டுக் குடுத்துட்டுப் பேச ஆரம்பிங்க, அந்த வாசகர்களுக்கு அது புரியும்.

இளைய ஆளுங்க சுஜாதாவுல எங்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டா நான் 'நைலான் கயிறு' சொல்வேன். 1968ல குமுதத்துல தொடரா வந்தது, சின்ன புக்கு, கணேஷ் முதல்ல வந்தது அதுலதான், வசந்த் இன்னும் வரல. "வசந்த் இல்லையா"ன்னு ஏமாந்துடக் கூடாதுன்னு அதையும் சேத்தே சொல்லிடுவேன். இந்த மாதிரி சின்னச் சின்ன முன்னெச்சரிக்கைதான் ஒரு புக்கைக் காப்பாத்தறது.

இப்போ கிரைம்னா ஒரே சரக்கு இல்லைங்கறதைப் புரிஞ்சுக்கணும். யார் கொன்னதுங்கற கதை வேற, எப்படி மறைச்சாங்கங்கறது வேற, ஏன் கொன்னாங்கங்கறது வேற, போலீஸ் ஸ்டேஷன்ல தினமும் என்ன நடக்குதுங்கறது இன்னொண்ணு. சஸ்பென்ஸுன்னு கேட்டவருக்கு நாலாவது வகையைக் குடுத்தா தூங்கிடுவாரு. ஸ்வீடன்ல மாய் ஷோவால், பேர் வாலூன்னு ஒரு ஜோடி 1965லேந்து 1975 வரைக்கும் மார்ட்டின் பெக்ங்கற போலீஸ்காரரை வச்சு பத்து நாவல் எழுதினாங்க, அதுல அவருக்கு சளி பிடிக்கும், துப்பு கிடைக்காம வாரக்கணக்கா ஒண்ணுமே நடக்காது, எனக்கு உயிர், ஆனா இதை நான் பொறுமையா படிக்கறவங்களுக்கு மட்டும்தான் சொல்வேன், அதுவும் 'ரோஸன்னா'லேந்து வரிசையா படிங்கன்னு சொல்லித்தான். தொடர் நாவல்னா எத்தனாவது புக்குன்னு சொல்லாம விடாதீங்க, நடுவுல ஒண்ணை எடுத்துட்டு வந்து அதுல முந்தின புக்கோட கொலைகாரன் பேரைப் படிச்சுட்டு நொந்து போனவங்களை எனக்குத் தெரியும்.

சொல்ற விதத்துக்கு வருவோம், இங்கதான் நிறைய பேரு கோட்டை விடறாங்க. "செம புக்கு, கிளைமாக்ஸ் ட்விஸ்ட் வேற லெவல், கண்டுபிடிக்கவே முடியாது"ன்னு சொல்றோம் இல்லையா, அதுலயே புக்கை உடைச்சாச்சு. ட்விஸ்ட் இருக்குன்னு தெரிஞ்சவன் முதல் பக்கத்துலேந்து எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கிட்டே படிப்பான், எழுதினவங்க பொறுமையா கட்டின வீட்டுக்குள்ள சுவத்தைத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டே நடப்பான். கெய்கோ ஹிகாஷினோவோட 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'ஸை நான் முதல்ல அப்படித்தான் ஒருத்தருக்கு அனுப்பினேன், "கடைசியில மண்டை காஞ்சுடும்"னு. படிச்சுட்டு "நீ சொன்ன அளவுக்கு இல்லப்பா"ன்னாரு. இப்போ அதே புக்குக்கு நான் அனுப்பற மெசேஜ் இது:

"ஜப்பான் நாவல், 2005ல வந்தது, இங்கிலீஷ்ல ஈஸியா படிக்கலாம். ஒரு அம்மாவும் பொண்ணும், தொல்லை குடுக்கற முன்னாள் புருஷன், பக்கத்து வீட்டுல பேசவே பேசாத கணக்கு வாத்தியார். கொலை யார் பண்ணதுன்னு ஆரம்பத்துலயே கண்ணு முன்னாடி நடந்துடும், அதை அந்த வாத்தியார் எப்படி மறைக்கறாருங்கறதுதான் கதை. ஒரு கணக்குப் புலியும் ஒரு பிசிக்ஸ் புலியும் செஸ் ஆடற மாதிரி இருக்கும். ரத்தம் கம்மி, சோகம் உண்டு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆரம்பிங்க. இதைத் தழுவின ஹிந்திப் படம் 'ஜானே ஜான்' பாத்துட்டீங்கன்னா சொல்லுங்க, வேற புக்கு தர்றேன்."

இதுல என்னென்ன இருக்குன்னு பாருங்க. எந்த ஊர், எந்த மொழி, முதல் சில பக்கத்துல தெரியற விஷயம் மட்டும், எந்த மாதிரி புதிர், மனசுக்கு எவ்வளவு பாரம், எப்போ படிக்கலாம், படம் பாத்தாச்சான்னு ஒரு கேள்வி. "மாஸ்டர்பீஸ்", "வேற லெவல்" ஒண்ணும் இல்ல. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுடாதீங்க, கிரைம் நாவல் எல்லாம் படமா, சீரிஸா வந்துக்கிட்டே இருக்கு.

புதுசா வந்ததை எங்க பிடிக்கறதுன்னு கேப்பாங்க. தமிழுக்கு ஜனவரிதான் சீசன், பபாசி நடத்தற சென்னை புத்தகக் காட்சியை ஒட்டித்தான் பதிப்பகங்க புது புக்கை இறக்குவாங்க, அங்க பத்து சதவீதம் தள்ளுபடியும் உண்டு. ஸ்டால்ல நின்னு முதல் பத்து பக்கத்தைப் படிங்க, கூட்டமா இருந்தாலும் பரவால்ல, ஓரமா நின்னு படிங்க, பின்னட்டையை நம்பாதீங்க, பின்னட்டைல கதையில பாதியைச் சொல்லிடறாங்க. இங்கிலீஷுக்கு விருதுப் பட்டியல் ரெண்டு பாத்தா போதும், பிரிட்டன்ல கிரைம் எழுத்தாளர்கள் சங்கம் குடுக்கற டேகர் விருதுகள், அமெரிக்காவுல எட்கர் ஆலன் போ பேருல குடுக்கற எட்கர் விருது. ஜெயிச்ச புக்கை விட இறுதிப் பட்டியல்ல இருக்கறது எனக்கு அதிகமா உதவிருக்கு. டேகர்ல மொழிபெயர்ப்பு நாவலுக்குன்னே தனி விருது 2006லேந்து இருக்கு, ஜப்பான், கொரியா, ஐஸ்லாந்துன்னு சுத்தி வரணும்னா அந்தப் பட்டியலை வருஷா வருஷம் பாருங்க. கிண்டில்ல சாம்பிள் இலவசமா இறங்கும், அதைப் படிக்காம ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. நீங்க முழுசா படிக்காத புக்குன்னா "நான் இன்னும் படிக்கல, முதல் மூணு அத்தியாயம் நல்லாருக்கு"ன்னு உள்ளதைச் சொல்லிடுங்க, ஒருதடவை படிக்காததைப் படிச்ச மாதிரி சொல்லி மாட்டினா அப்புறம் நீங்க சொல்ற எதையும் எடுக்க மாட்டாங்க.

புதுசுல ரெண்டு உதாரணம் சொல்றேன். எங்க சித்தப்பா பையன் காலேஜ் படிக்கறான், ரீல்ஸைத் தவிர எதையும் பாக்க மாட்டான், அவனுக்கு ஊகெட்சுவோட 'ஸ்ட்ரேஞ்ச் பிக்சர்ஸ்' குடுத்தேன். முகமூடி போட்டுக்கிட்டு யூட்யூப்ல வர்ற ஜப்பான்காரர் எழுதினது, 2025ல இங்கிலீஷ்ல வந்தது, உள்ள படம் வரைஞ்சு வச்சிருப்பாங்க, அந்தப் படத்துலதான் துப்பே இருக்கு. "கதையை விடு, இந்தப் படத்தைப் பாரு, என்ன தப்பா இருக்கு சொல்லு"ன்னு ஒரே ஒரு பக்கத்தைக் காட்டினேன், புக்கை என் கையிலேந்து வாங்கிட்டுப் போயிட்டான். இன்னொண்ணு எங்கப்பாவுக்கு, ரிட்டையர் ஆகி வீட்டுல ஹிந்து பேப்பரையே ரெண்டுதடவை படிச்சுட்டிருந்தவரு. ரிச்சர்ட் ஆஸ்மனோட 'தி தர்ஸ்டே மர்டர் க்ளப்', 2020, முதியோர் குடியிருப்புல இருக்கற நாலு பேரு வாரா வாரம் வியாழக்கிழமை கூடி பழைய கேஸைத் தோண்டுவாங்க, அதுல ஒருத்தர் நர்ஸா இருந்தவங்க, ஒருத்தர் தொழிற்சங்கத் தலைவரு. அப்பாவும் யூனியன்ல இருந்தவருதான். "இதுல ஒரு யூனியன் லீடர் வர்றாருப்பா"ன்னு மட்டும் சொன்னேன், வேற ஒரு வார்த்தை சொல்லல.

தமிழ் மட்டும் படிக்கறவங்களுக்கு, அதுலயும் "கிரைமெல்லாம் நமக்கு எதுக்கு"ன்னு சொல்ற பொம்பளைங்களுக்கு, நான் தயங்காம குடுக்கறது அம்பையோட 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு'. மும்பைல சுதா குப்தான்னு ஒரு பெண் துப்பறிவாளர், மூணு நீளக் கதை. துப்பாக்கியைத் தூக்கிட்டு ஓடறதெல்லாம் கெடையாது, ஒரு வீட்டுக்குள்ள போய் உக்காந்து அங்க யாரு பேசறாங்க யாரு பேசாம இருக்காங்கன்னு பாக்கற துப்பறிதல். எங்க அத்தை அதைப் படிச்சுட்டு "இதெல்லாம் நானே கண்டுபிடிச்சிருப்பேன்டா"ன்னாங்க, நான் கேட்ட விமர்சனங்கள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான்.

சரி, சினிமா புக்கும் பாட்டு புக்கும். இதுக்கு விதி வேற. கிரைம் நாவலுக்கு முன்னாடி எவ்வளவு கம்மியா சொல்றோமோ அவ்வளவு நல்லது, சினிமா புக்குக்கு முன்னாடி வேலை குடுக்கணும், அதாவது படத்தோட சேத்துக் குடுங்க, பாட்டோட சேத்துக் குடுங்க. வெறும் புக்கா குடுத்தா பத்து பக்கத்துல மூடிடுவாங்க, ஏன்னா எழுதினவரு பேசற காட்சி இவங்க கண்ணுல இருக்காது.

நான் எப்படிப் பண்றேன்னு ஒண்ணைக் கிட்டக்க காட்டறேன். சிட்னி லூமெட் எழுதின 'மேக்கிங் மூவீஸ்'னு ஒரு புக்கு, 1995, ஒரு டைரக்டர் ஸ்க்ரிப்ட்லேந்து எடிட்டிங் வரைக்கும் என்ன பண்றாருன்னு வேலையா உக்காந்து சொல்லித் தர்ற புக்கு. சினிமா ஆசை இருக்கற பசங்களுக்கு இதைக் குடுக்கறப்ப, மொதல்ல அவரோட '12 ஆங்ரி மென்' பாத்துட்டு வாடாம்பேன், 1957 படம், கிட்டத்தட்ட முழுக்க ஒரே ரூம். பாத்துட்டு வந்தா "கடைசியில அந்த ரூம் ஒரு மாதிரி மூச்சு முட்டுச்சா?"ன்னு கேப்பேன், ஆமாம்பாங்க, ஏன்னு கேட்டா தெரியாதும்பாங்க. அப்போ புக்குல அந்தப் பக்கத்தைத் திறந்து குடுப்பேன். ஆரம்பத்துல கேமராவைக் கண்ணு மட்டத்துக்கு மேல வச்சு, போகப் போக கீழ இறக்கிருக்காரு, லென்ஸையும் படிப்படியா நீளமானதா மாத்திக்கிட்டே போயிருக்காரு, அதனால பின்னாடி இருக்கற சுவரு ஆளுங்க மேல நெருங்கி வர்ற மாதிரி ஆகுது, கடைசிப் பகுதியில கேமரா கீழேந்து பாக்கறதால சீலிங்கே தெரிய ஆரம்பிக்குது. இதைப் படிச்சவன் திரும்பப் போய் படத்தைப் பாப்பான், அப்புறம் புக்கை முழுசா படிக்காம விட மாட்டான். எடிட்டிங் பிடிச்சவங்களுக்கு இதே மாதிரி எடிட்டர் வால்டர் மர்ச்சோட 'இன் த ப்ளிங்க் ஆஃப் ஆன் ஐ'. நல்ல கட்டுக்கு, அதாவது ஒரு ஷாட்டை வெட்டி அடுத்ததுக்குப் போற இடத்துக்கு, ஆறு விஷயத்தைப் பாத்து ஒவ்வொண்ணுக்கும் சதவீதம் போடறாரு, அதுல உணர்ச்சிக்கு மட்டும் 51, கதைக்கு 23. உணர்ச்சிக்குப் பாதிக்கு மேல குடுத்துட்டாரேன்னு ஆச்சரியமா இருக்கும், நமக்குப் பிடிச்ச காட்சியைப் போட்டு கட்டு கட்டா நிறுத்திப் பாத்தா அவரு சொல்றது சரின்னு தெரியும்.

தமிழ் சினிமான்னா பரத்வாஜ் ரங்கன் மணிரத்னத்தோட உக்காந்து படம் படமா பேசின புக்கு இருக்கு, 2012ல இங்கிலீஷ்ல வந்து அப்புறம் தமிழ்லயும் வந்தது. அதை முதல் பக்கத்துலேந்து படிக்கச் சொல்லாதீங்க, அவங்களுக்குப் பிடிச்ச படத்தோட அத்தியாயத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்க, மத்தது தானா நடக்கும். பழைய தமிழ்ப் படங்களைப் பத்தி சீரியஸா தெரிஞ்சுக்கணும்னு கேக்கறவங்களுக்கு தியடோர் பாஸ்கரன், யோசிக்கவே வேணாம், 'எம் தமிழர் செய்த படம்'லேந்து ஆரம்பிக்கலாம். கிசுகிசுவா இல்லாம சினிமாக்காரங்க வாழ்க்கை வேணும்னா கட்டுரை புக்கே வேணாம், அசோகமித்திரனோட 'கரைந்த நிழல்கள்' நாவல் குடுங்க. அவரு ஜெமினி ஸ்டுடியோவுல பத்து வருஷத்துக்கு மேல வேலை பாத்தவரு, ஸ்டாரைச் சுத்தி இருக்கறவங்க வயித்துப்பாட்டை அவரு எழுதினதைப் படிச்சா எண்ட் டைட்டில்ல ஓடற பேருங்களைப் பாக்காம எந்திரிக்க மாட்டோம்.

பாட்டு புக்குல பெரிய சிக்கல், பாதி புக்கு வெறும் புகழ்ச்சி. "இசைக் கடவுள்", "மேதை"ன்னு பக்கம் பக்கமா இருக்கும், அந்தப் பாட்டை எப்படிப் போட்டாங்கன்னு ஒரு வரி இருக்காது. நான் சோதிக்கறது இப்படித்தான், ஏதாச்சும் ஒரு பாட்டைப் பத்தின பக்கத்தைத் திறங்க, அதுல யாரு வாசிச்சாங்க, எந்த ஸ்டுடியோ, டைரக்டர் என்ன கேட்டாரு, முதல் ட்யூன் ஏன் மாறுச்சு, இதுல ரெண்டாச்சும் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வச்சுட்டு வந்துடுங்க. பழைய பாட்டு பிடிச்ச பெரியவங்களுக்கு வாமனனோட 'திரை இசை அலைகள்' அருமையான தேர்வு. அதுல வர்ற பாட்டுல பத்தை ஒரு ப்ளேலிஸ்ட்டா போட்டு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, படிச்சுக்கிட்டே கேப்பாங்க. ரஹ்மான் ரசிகங்களுக்கு கிருஷ்ணா த்ரிலோக் எழுதின 'நோட்ஸ் ஆஃப் எ ட்ரீம்', 2018. கண்ணதாசன் பாட்டை உருகி உருகிக் கேக்கறவங்களுக்கு 'வனவாசம்' சொல்லுங்க, ஆனா அதுல பாட்டு கம்மி, அரசியல் ஜாஸ்தி, தன்னைப் பத்தி ஒளிவுமறைவில்லாம எழுதிருக்காரு, வயசுப் பசங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒருதடவை படிச்சுடுங்க.

ரெண்டு மூணு சில்லறை விஷயம், ஆனா பாதி ரெகமெண்டேஷன் இதுலதான் விழுது. எழுத்து சைஸைப் பாருங்க, அறுபது வயசுக்காரருக்குப் பொடி எழுத்து மலிவுப் பதிப்பு குடுத்தா படிக்க மாட்டாரு, காரணமும் சொல்ல மாட்டாரு. மொழிபெயர்ப்புன்னா மொழிபெயர்ப்பாளர் பேரையும் சேத்து சொல்லுங்க, ஒரே நாவல் ரெண்டு பேரு கையில ரெண்டு விதமா ஆகும். விலை ஐநூறு தாண்டினா லைப்ரரில கிடைக்குமான்னு பாத்துட்டு சொல்லுங்க, சென்னைன்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைன்னா கலைஞர் நூற்றாண்டு நூலகம், மத்த ஊருக்கு மாவட்ட மைய நூலகம். அப்புறம் ஒருத்தருக்கு ஒருதடவைக்கு ஒரே ஒரு புக்கு. பத்து புக்கு பேரைக் குடுத்தா தேர்ந்தெடுக்கற வேலையை அவங்க தலையில கட்டினதா ஆகும், அந்த வேலைக்குத்தான் அவங்க நம்மகிட்ட வந்ததே.

சொன்னப்புறம் "படிச்சியா, படிச்சியா"ன்னு நச்சரிக்காதீங்க. ஒரு மாசம் விடுங்க. அப்புறம் லைப்ரரி அண்ணன் கேட்ட அதே கேள்வி, "எங்க நிறுத்துனீங்க?" முடிச்சிருந்தா அவங்களே பேச ஆரம்பிச்சுடுவாங்க, நிறுத்தியிருந்தா அந்த இடத்தை எழுதி வச்சுக்கோங்க, நான் போன்ல ஒவ்வொருத்தர் பேருக்கும் ஒரு நோட் வச்சிருக்கேன். அத்தை பேருக்கு நேரா "குக்கர் வச்சுட்டுப் படிப்பாங்க, மூணு விசிலுக்குள்ள ஒரு அத்தியாயம் முடியணும்"னு இருக்கு. அப்பா பேருக்கு நேரா போன மாசம் வரைக்கும் "யூனியன் லீடர், பாப்போம்"னு இருந்துச்சு. போன வாரம் காலைல ஆறரைக்கு போன் பண்ணி, என்னமோ ஏதோன்னு பதறிப் போய் எடுத்தா, "அந்த வியாழக்கிழமை செட்டு ரெண்டாவது புக்கு எப்படா அனுப்புவ"ன்னு கேட்டாரு. நோட்டை மாத்திட்டேன்.